பிறர் பெற்ற பிள்ளையை வளர்ப்போருக்கு நாம் தருவது என்ன?

சூசையப்பரின் சுரூபம் இல்லாத பங்குக் கோயில் நம் நாட்டில் அரிது. "வளர்ப்புத் தந்தை" என்னும் பட்டத்தைத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் அவருக்குச் சூட்டி மகிழ்கின்றனர். தம் உதிரத்தில் பிறவாத குழந்தைக்குப் பெயரிட்டு, தச்சுத் தொழிலில் ஈட்டியதைக் கொண்டு உணவும் உடையும் அளித்து, ஆபத்து வந்தபோது இரவோடு இரவாக எகிப்துக்கு அழைத்துச் சென்று காத்தவர் அவர். மார்ச் 19-ஆம் நாள் அவர் திருநாளைச் சிறப்பிக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறோம். ஆனால் அவர் செய்த பணியையே இன்று நம்மிடையே செய்து வரும் எளிய குடும்பங்களை நாம் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோம்?

"எடுத்து வளர்த்த பிள்ளை" என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. அப்பிள்ளை நடக்க இயலாததாகவோ, செவிப்புலன் அற்றதாகவோ, அறிவு வளர்ச்சி குன்றியதாகவோ இருந்துவிட்டால், "இவர்களுக்கு ஏன் இந்தச் சுமை?" என்ற கேள்வியும் உடன் எழுகிறது. அச்சுமையைத் தாங்குவோருக்கு மாதந்தோறும் எவ்வளவு செலவாகிறது, அதில் அரசு தருவது எவ்வளவு, சமூகம் தருவது எவ்வளவு என்று எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அக்கணக்கைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் கண்முன் நிறுத்தி இங்கே பார்ப்போம்.

கருணாபுரம் எழுப்பிய கேள்வி

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நாடறியும். கூலி வேலை செய்து பிழைத்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். தந்தையை இழந்த குழந்தைகள் பலர். தாய் தந்தை இருவரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த குழந்தைகளும் உண்டு. இறுதிச் சடங்குகள் முடிந்து, கூட்டம் கலைந்து, செய்தியாளர்களும் திரும்பிய பிறகு, "இனி இப்பிள்ளைகளை வளர்ப்பது யார்?" என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அரசு அப்போது விரைந்து அறிவித்தவற்றை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் தலா 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், 18 வயது முடியும் வரை மாதம் 5,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும், பட்டப்படிப்பு வரையிலான கல்வி, விடுதிச் செலவும் அறிவிக்கப்பட்டன. பெற்றோரில் ஒருவரை இழந்தோர்க்கு 3 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவிக்கப்பட்டது.

அதற்கடுத்த மாதம், கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்த மலை அது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் கல்வியும் காலந்தாழ்ந்தே எட்டின. பிழைப்புத் தேடி மலையிறங்கும் தாய் தந்தையர் பிள்ளைகளைப் பாட்டியிடமோ அத்தையிடமோ சித்தியிடமோ விட்டுச் செல்வது அங்கே புதியதன்று. வளர்ப்பு என்பது அம்மக்களுக்குச் சட்டப் புத்தகத்தில் படித்தறியும் செய்தியன்று. அது அன்றாட வாழ்வின் ஒரு பகுதி.

ஒரே துயரம், வெவ்வேறு தொகைகள்

பெற்றோரை இழந்த குழந்தையைக் குடும்பத்திலேயே வளர்ப்பதற்கென அண்மை ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட மாதத் தொகைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

2021 மே மாதத்தில், கொரோனா நோயால் தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினர் பொறுப்பில் வளரும் குழந்தைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. 2022-இல் மத்திய அரசின் "மிஷன் வாத்சல்யா" நெறிமுறைகள், நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு ஆகிய இரண்டுக்கும் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் என வகுத்தன. முன்னைய திட்டத்தில் இது 2,000 ரூபாயாகவே இருந்தது. 2024-இல் கள்ளக்குறிச்சித் துயரத்தால் அநாதைகளானோருக்கு 5,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட "அன்புக் கரங்கள்" திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்தோருக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளோருக்கும் மாதம் 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

இத்திட்டங்களில் எதையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வறிய வீட்டில் 2,000 ரூபாய் என்பது ஒரு மாத அரிசியும் பருப்பும் ஆகும். ஆனால் இவ்வரிசை ஓர் உண்மையை நமக்குக் காட்டுகிறது. தொகையைத் தீர்மானிப்பது பெற்றோர் எவ்வாறு இறந்தனர் என்பதேயன்றிக் குழந்தைக்கு என்ன தேவை என்பதன்று. கொள்ளைநோயில் தாயை இழந்த சிறுமிக்கும், சாராயத்தில் தந்தையை இழந்த சிறுவனுக்கும், பாம்பு கடித்தோ பிரசவத்திலோ பெற்றோர் மாண்ட மலைக் குழந்தைக்கும் பசி ஒன்றுதான். மேலும், ஓடியாடித் திரியும் குழந்தைக்கும், எழுந்து அமரவே பிறர் கை தேவைப்படும் குழந்தைக்கும் மேற்கண்ட தொகை ஒவ்வொன்றும் ஒரே அளவினதாகவே இருக்கிறது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு வேறு உதவியே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அறிவுசார் குறைபாடு உடையோர், உடலியக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முதலியோருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் வழியாக, புற உலகச் சிந்தனையற்றோர் (ஆட்டிசம் உடையோர்), மூளை முடக்குவாதம் உடையோர், அறிவுசார் குறைபாடு உடையோர், பல்வகைக் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு "நிராமயா" என்னும் மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே விண்ணப்பித்துப் பெறவேண்டும். முதலில் மருத்துவச் சான்று, பிறகு தனித்துவ அடையாள அட்டை, அதன் பின் விண்ணப்பம். மலையுச்சியில் வாழும் முதிய பாட்டி ஒருத்தி, நடக்க இயலாத பேரனை இடுப்பில் சுமந்து இத்தனை படிகளையும் ஏறவேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாலாயிரம் ரூபாய் கரையும் விதம்

நான்காயிரம் ரூபாயை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 133 ரூபாய் வருகிறது. உடல்நலம் உடைய குழந்தைக்கு இது ஓரளவு போதும் என்று கொள்வோம்.

இப்போது மூளை முடக்குவாதம் உடைய ஒரு குழந்தையை வளர்க்கும் வெள்ளிமலைப் பக்கத்துத் தாயை எண்ணிப் பார்ப்போம். வாரம் இருமுறை இயன்முறைப் பயிற்சிக்குக் குழந்தையைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால், மாதத்தில் எட்டு நாள் அவள் வேலைக்குப் போக முடியாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதையே அளவாகக் கொண்டால், எட்டு நாளில் அவள் இழக்கும் கூலி 2,688 ரூபாய். நாலாயிரத்தில் எஞ்சுவது 1,312 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 44 ரூபாய்க்கும் குறைவு. மாத்திரை, துணிமாற்று, எளிதில் விழுங்கத்தக்க உணவு, வழியில் வாங்கும் தேநீர் ஆகிய அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். பேருந்துக் கட்டணமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இழந்த கூலி திரும்பி வருவதில்லை.

மாற்றுத்திறனாளிக் குழந்தையை வளர்ப்பதில் மிகப் பெரிய செலவு மருந்துக் கடையில் கொடுக்கும் பணமன்று, வளர்ப்பவர் இழக்கும் உழைப்பு நாளே என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. எந்தத் தொகை அட்டவணையிலும் இந்த இழப்பு இடம்பெறவில்லை.

சட்டம் இதை அறியாமலும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தன் 24-ஆம் பிரிவில் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களைப் பற்றிக் கூறுகையில், அரசின் பொருள் வல்லமைக்கு உட்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி பிறருக்கான அதையொத்த திட்டத்தைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. இந்த அளவை வளர்ப்புப் பராமரிப்புத் தொகைக்கும் பொருத்தினால், 4,000 ரூபாய் 5,000 ரூபாயாக உயர வேண்டும். இக்கோரிக்கையை முன்வைக்க நமக்கு வேறு ஆதாரம் தேவையில்லை. நாடாளுமன்றம் ஏற்ற நெறியை இங்கும் பின்பற்றுமாறு கேட்பதே போதும்.

வளர்ப்புக்கும் தத்துக்கும் இடையே

வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும் ஒன்றல்ல என்பதை நம் குடும்பங்கள் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தை குறிப்பிட்ட காலம் வரை ஒரு குடும்பத்தில் வளர்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி அது நடைபெறுகிறது. அரசு உதவித்தொகையும் உண்டு. தத்தெடுப்பிலோ குழந்தை என்றென்றைக்கும் அக்குடும்பத்தின் சொந்தப் பிள்ளையாகி, பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகள் அனைத்தையும் பெறுகிறது.

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இந்த இரண்டாம் வழி நெடுநாள் அடைபட்டே கிடந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நாம் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. தாய் தந்தையாக முடியவில்லை. இளைஞர் நீதிச் சட்டமே அவ்வழியைத் திறந்தது. எச்சமயத்தவரும் அச்சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்பதை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2015-இல் வந்த புதிய இளைஞர் நீதிச் சட்டத்திலும் இவ்வுரிமை நிலைபெற்றுள்ளது. "நமக்குத் தத்து இல்லை" என்று இன்றும் சொல்லும் பெரியோர் நம் பங்குகளில் உண்டு. அது பழங்கதை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தம்பதியர், உறவுக் குழந்தை போன்ற சில நேர்வுகள் நீங்கலாக, சிறப்புத் தேவை உடைய குழந்தையையோ எளிதில் இல்லம் கிடைக்காத குழந்தையையோ மட்டுமே தத்தெடுக்க இயலும். ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள, வாழ்வில் அனுபவம் பெற்ற குடும்பத்துக்கே இக்குழந்தைகளின் கதவு திறந்திருக்கிறது என்று பொருள்.

வளர்ப்புப் பராமரிப்பிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 2024-இல் திருத்தப்பட்ட மாதிரி நெறிமுறைகளின்படி, திருமணம் ஆகாதோரும் கைம்பெண்களும் குழந்தையை வளர்க்க விண்ணப்பிக்கலாம். முன்பு ஐந்து ஆண்டுகள் வளர்த்த பின்னரே அக்குழந்தையைத் தத்தெடுக்கக் கேட்க முடியும் என்றிருந்தது இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டுள்ளது.

ஆனால் இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. தத்தெடுத்த பெற்றோருக்கென அத்தகைய மாதத் தொகை மத்திய நெறிமுறைகளில் இல்லை. ஆகவே, நடக்க இயலாத குழந்தையை இரண்டாண்டு வளர்த்து, அதன்மீது உயிரையே வைத்துவிட்ட ஓர் ஏழைத் தாய், "இவன் இனி என் மகன்" என்று ஆணை பெறும் நாளிலேயே அத்தொகையை இழக்கிறாள். குழந்தையின் குறை அன்றைக்கு நீங்கிவிடுவதில்லை. அவளுடைய கூலியும் உயர்ந்துவிடுவதில்லை. அன்பை முழுமையாக்கும் செயலே அவளுக்குப் பொருள் இழப்பாக முடிகிறது.

பிற நாட்டார் இப்பள்ளத்தை நிரப்ப முயன்றிருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1980-இல் இயற்றப்பட்ட சட்டம், சிறப்புத் தேவை உடைய குழந்தையைத் தத்தெடுத்த குடும்பத்துக்கும் மாத உதவி தொடர வழி செய்தது. குழந்தையின் தேவையையும் குடும்பத்தின் நிலையையும் ஆராய்ந்து, பெற்றோரும் அலுவலரும் பேசித் தொகையை முடிவு செய்வர். வளர்ப்புக் காலத்தில் கிடைத்திருக்கக் கூடிய தொகையை அது விஞ்சக்கூடாது என்பதே வரம்பு. பள்ளத்தை அறிந்து சட்டத்தால் அடைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் 2024-25-ஆம் ஆண்டில் 4,515 குழந்தைகள் தத்துப் பெற்றனர். அவர்களில் 4,155 பேர் நாட்டுக்குள்ளேயே இல்லம் கண்டனர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் இந்தியப் பெற்றோர் ஏற்கத் தயங்கிய குறையுடைய குழந்தைகளைக் கடல் கடந்து வந்து ஏற்றுச் செல்லும் அயல்நாட்டுப் பெற்றோர் இருப்பதையும் நாம் அறிவோம். அவர்களை வாழ்த்துவோம். அதே வேளையில் நம் தயக்கத்துக்குக் காரணம் மனமா, பணமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

பணம் அன்பைக் கெடுக்குமா?

"பணம் கொடுத்தால் பணத்துக்காகவே பிள்ளையை எடுப்பார்களே" என்பது பலரும் எழுப்பும் மறுப்பு. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அதனால்தான் இல்ல ஆய்வும், குழந்தைகள் நலக் குழுவின் ஆணையும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழுவும், தொடர் கண்காணிப்பும் விதிக்கப்பட்டுள்ளன. ஆனால் தொகை ஏதும் இல்லாவிடில் வசதி உடையோர் மட்டுமே இக்குழந்தைகளை வளர்க்க முடியும். நல்ல மனம் வசதி உள்ள வீட்டில்தான் இருக்கும் என்று எவரே சொல்வார்?

பெல்ஜியம் நாட்டில் கெய்ல் என்னும் ஊர் உண்டு. மனநோயுற்றோரின் பாதுகாவலியான புனித திம்ப்னாவின் ஆலயம் அங்கே இருக்கிறது. இடைக்காலத்தில் குணம் வேண்டி வந்த திருயாத்திரிகர்களுக்கு ஆலய வளாகத்தில் இடம் போதாமற் போகவே, ஊரார் அவர்களைத் தம் வீடுகளில் ஏற்றனர். அவ்வழக்கம் பல நூற்றாண்டுகளாக இன்றளவும் தொடர்கிறது. 1930-களின் இறுதியில் 3,700-க்கும் மேற்பட்டோர் அவ்வூர்க் குடும்பங்களில் வாழ்ந்தனர். அவர்களை ஏற்கும் குடும்பங்களுக்கு உதவித்தொகையும் மருத்துவர்களின் துணையும் உண்டு. அத்தொகை வேளாண் குடும்பங்களின் அன்பைக் கெடுத்துவிடவில்லை. அவர்கள் அன்பு காட்ட முடிந்ததே அதனால்தான். 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மரபை உலகத்துக்கு எடுத்துக்காட்டான ஒன்றென ஏற்றுப் பதிவு செய்தது.

இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-இல் குடும்பத்தைப் பற்றி விடுத்த மடலில், கிறிஸ்தவக் குடும்பங்கள் பெற்றோரற்ற குழந்தைகளைத் தத்தெடுக்கவும் வளர்க்கவும் மனமுவந்து முன்வர வேண்டும் என அழைத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2016-இல் எழுதிய மடலில், குறைபாடுடைய பிள்ளைகளை அன்புடன் ஏற்கும் குடும்பங்களைப் போற்றினார். 2022 ஜனவரியில் சூசையப்பரைப் பற்றிய மறைக்கல்வி உரையில், தத்தெடுப்பின் வழிகள் எளிதாக வேண்டும் என்றும் வேண்டினார். அழைப்பு தெளிவாகவே இருக்கிறது. அதை ஏற்கும் ஏழைக்குத் தோள் கொடுப்பதே நம் பொறுப்பு.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சட்ட வழியிலேயே செல்வோம். "பக்கத்து ஊரில் வேண்டாத குழந்தை ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுக்குச் செவி கொடுக்கலாகாது. முறைப்படி அன்றிக் குழந்தையைக் கொடுப்பதும் பெறுவதும் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். துணையற்ற குழந்தையைக் கண்டால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் அணுகலாம். 2011-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டதை இப்பகுதி மக்கள் நினைவில் கொண்டிருப்பர்.

இரண்டாவது, உறவினர் பிள்ளையை வளர்க்கும் ஏழைகளை நம் பங்கில் தேடிக் கண்டறிவோம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படாத குடும்பம், மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் இதற்குத் தகுதியுடையோர் பட்டியலில் உள்ளனர். இது இருப்பதையே அறியாத பாட்டிகள் எத்தனை பேர்! வீடு சந்திக்கும் வழக்கமுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இனிச் செல்லும்போது இவ்விண்ணப்பத்தையும் கையில் எடுத்துச் செல்லலாமே.

மூன்றாவது, 18 வயதை நினைவில் வைப்போம். உதவித்தொகை அத்துடன் நிற்கும். ஆனால் அறிவுசார் குறைபாடுடைய பிள்ளை 18 வயதில் தனித்து வாழத் தொடங்குவதில்லை. அதற்கெனச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே இதைச் செய்து முடிப்பது அறிவுடைமை.

நான்காவது, உழைப்பு நாளைப் பகிர்வோம். மேலே கண்ட தாய் மாதத்தில் எட்டு நாள் கூலி இழக்கிறாள் அல்லவா? ஒரு பங்கில் எட்டுக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒரே ஒரு நாளை அவளுக்கென ஒதுக்கினால் போதும். சிலர் அவளுக்குப் பதிலாகக் குழந்தையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லட்டும். அது இயலாதோர் அந்த ஒரு நாட்கூலியைத் தந்து அவளையே அனுப்பட்டும். எட்டுக் குடும்பங்கள் இல்லாத பங்கும் உண்டோ?

ஐந்தாவது, குரல் கொடுப்போம். குறையுடைய குழந்தைக்கு வளர்ப்புத் தொகை 25 விழுக்காடேனும் கூடவேண்டும். தத்தெடுத்த பின்னும் வறிய குடும்பத்துக்கு உதவி தொடர வேண்டும். இவ்விரண்டையும் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பங்குப் பேரவைகளின் வழியாக எழுத்தில் கேட்போம்.

நாசரேத்தூர்த் தச்சருக்கு அரசின் உதவித்தொகை ஏதும் இருந்ததில்லை. அவர் தனியே உழைத்தார் என்பதற்காக, இன்று அவர் பணியைச் செய்வோரையும் நாம் தனியே விட்டுவிடலாகாது. அடுத்த மார்ச் 19-ஆம் நாள் அவர் திருநாளுக்கென நாம் கூடும் முன், நம் பங்கு எல்லைக்குள் பிறர் பிள்ளையை வளர்க்கும் குடும்பங்கள் எவை, அவர்களுள் குறையுடைய குழந்தையை வளர்ப்போர் எவர், அவர்களுக்குக் கிடைத்துவரும் உதவி என்ன, கிடைக்க வேண்டியது என்ன என்று ஒரு பட்டியலைத் தயாரித்துப் பங்குத் தந்தையிடம் ஒப்படைப்போம். அவ்வாண்டின் திருநாள் காணிக்கையாக அது அமையட்டும்.